நூற்றிருபது கிலோ தேக்கு

தச்சர் அந்தப் பழைய கேரவனை வாங்கியபோது அதன் கூரை நான்கு இடத்தில் ஒழுகியது. தரைப்பலகை ஊறிப்போய்க் கால் வைத்த இடமெல்லாம் அமுங்கியது. அடுப்புக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வயது வண்டி. பழைய இரும்புக் கடைக்காரர் அதை உடைக்க நாள் குறித்திருந்தார். தச்சர் குறுக்கே விழுந்து வாங்கி, தன் பட்டறை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். குடும்பத்தோடு மூன்று வாரம் ஊர் சுற்ற வேண்டும் என்றார்.

குடும்பம் என்றால் மூன்றே பேர். அவர், அவர் மனைவி, இருபத்திரண்டு வயது மகள். மகளை வீட்டில் இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் இரண்டும் எழும்பவில்லை. வீல்சேரில்தான் எல்லாம். வீட்டுக்குள் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. படிகளையெல்லாம் சரிவாக்கி, கதவுகளை அகலப்படுத்தி, சுவிட்சுகளைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கி, அவ்வளவையும் அப்பாதான் செய்து வைத்திருந்தார். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிறுவனத்துக்காக வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை பார்த்தாள். கடித்துக் குதற வருகிற ஆளைக்கூட ஐந்து நிமிடத்தில் நன்றி சொல்ல வைத்துவிடுவாள்.

வாசலைத் தாண்டினால் கதை வேறு. கார், பேருந்து, மாடிப்படி எதுவானாலும் அப்பா குனிவார், தூக்குவார், வைப்பார். இந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருமுறை தாய்மாமன் கை நீட்டியதற்கு, "உனக்குப் பிடி தெரியாது, தள்ளு" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதிலும் மகளைத் தூக்க முடிகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் வலது தோள்பட்டை தேய்ந்துகொண்டிருந்தது. அதை அவரும் தைலம் தேய்த்துவிடுகிற மனைவியும் வெளியே சொல்லவில்லை.

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டிக்கே போயின. கூரையை அடைத்தார், தரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டார். உள்ளே ஏற்கெனவே இருந்த அலமாரிகள் மெல்லிய பலகையில் செய்தவை, நடுவில் வெற்றிடம். விரலால் தட்டிப் பார்த்து, "அட்டைப்பெட்டி" என்று சிரித்துவிட்டு எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். பிறகு தேக்கில் இறங்கினார். தலைக்குமேல் அலமாரி, சுவரோரத் தட்டுகள், பக்கவாட்டுக் கதவை ஒட்டி ஓர் ஆளுயரப் பீரோ. எல்லாம் மரத்தோடு மரம் கோத்த பொருத்தும் பசையும் போட்டது, ஓர் ஆணி, ஒரு திருகு கிடையாது. பீரோக் கதவுகள் இரண்டிலும் மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அறுபடாமல் ஓடும்படி ஒரே பலகையைப் பிளந்து செய்திருந்தார்.

பக்கத்துப் பட்டறை வெல்டர் வந்து எட்டிப் பார்ப்பார். "அண்ணே, இது வண்டியா அரண்மனையா? ஓடுற வண்டிக்கு இவ்வளவு கனம் ஆகாதுண்ணே."

"நூறு வருஷம் நிக்கும்யா."

"நிக்கும். ஓடுமான்னுதான் கேக்குறேன்."

தச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர்.

இதற்கிடையில் பாப்பா தன் சம்பளத்தில் ஒரு பொருள் வாங்கியிருந்தாள். ஒரு முதியோர் இல்லத்தின் பழைய வேனிலிருந்து கழற்றிய லிப்ட். பலகை போலக் கீழே விரியும்; வீல்சேரோடு அதன்மேல் ஏறிப் பொத்தானை அழுத்தினால் வண்டியின் தரைமட்டத்துக்குத் தூக்கிவிடும். அரை நாள் வேலைதான், மாட்டித் தருகிறேன் என்று வெல்டர் சொல்லியிருந்தார். தச்சர், "அடுத்த வாரம்" என்றார். அந்த அடுத்த வாரம் எட்டு மாதமாக வரவில்லை. லிப்ட் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

மனைவி கேட்டால், "எதுக்கு அது? நான் இருக்கேன்ல" என்பார்.

வண்டிக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் எடைச் சீட்டு கேட்டார்கள். பயணம் போகிறபடியே எல்லாரும் ஏறி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும். எடை மேடையில் லாரிகள் வரிசையாக நின்றன. கண்ணாடி அறைக்குள்ளிருந்த எழுத்தர், "எல்லாரும் ஏறிக்குங்க, மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல" என்று சிரித்தார். தச்சர் குனிந்து மகளைத் தூக்கினார். இரண்டு படி ஏறி, பக்கவாட்டில் திரும்பி, அவள் தலை நிலையில் இடிக்காமல் உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார். "பொண்ணைப் பூ மாதிரி தூக்குறாரு பாரு. அப்பன்னா இப்படி இருக்கணும்" என்றார் ஒரு லாரி டிரைவர். தச்சருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாப்பா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவாயிரத்து நானூற்று எழுபது.

"தப்பிச்சோம், முப்பது கிலோ மிச்சம்" என்றாள் மனைவி.

"லிப்ட் நூத்தியம்பது கிலோ" என்றாள் பாப்பா. "நூத்தி இருபது அதிகமாகுது."

தச்சர் உதட்டைப் பிதுக்கினார். "பாரு, நான் என்ன பண்றது? எடை ஒத்துக்கலையே."

குரலில் வருத்தம் இருந்தது. முகத்தில் இல்லை. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த காரியத்தை ஓர் இயந்திரம் வந்து முடித்துக்கொடுத்துவிட்டது, பழி தன்மேல் இல்லை. வண்டி சாலைக்கு வந்ததும் பாப்பா கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு இப்ப சந்தோஷமா இருக்கு, இல்ல?"

"என்னம்மா பேச்சு இது?"

"கண்ணாடியில உங்க முகம் தெரியுது."

அவர் கண்ணாடியைத் திருப்பவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அது இருப்பதை அவள் சொல்லித்தான் அவரே தெரிந்துகொண்டார், அதுதான் அவமானம்.

"நான் வரலப்பா. நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க. நான் கோவத்துல சொல்லல. மூணு வாரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கணும்? ஒவ்வொரு தடவையும் நீங்க எங்க இருக்கீங்கன்னு பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். வெளிய போற நாள்ல நான் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்லை, உங்களுக்குத் தெரியுமா? இன்னிக்கும் குடிக்கல."

"கேட்டா தூக்க மாட்டேனா?" என்றார்.

"தூக்குவீங்க. கேக்கணுமே, அதான்."



மூன்று நாள் தச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஊரில் எத்தனையோ அப்பன்கள் பிள்ளையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, நான் தூக்கியது ஒரு குற்றமா என்று சுவரிடம் கேட்டார். நான்காம் நாள் தைலம் தேய்க்கும்போது மனைவியிடம் கேட்டார்.

"நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இந்தத் தோள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?"

"தாங்குற வரைக்கும்."

"அதுக்கப்புறம்? தூக்க ஆள் இல்லாம அவ உட்கார்ந்திருக்கிறத, தூக்க முடியாம நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டிருக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடா?"

அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

ஞாயிறு காலை வெல்டரை வரச் சொல்லியிருந்தார். மரம் நிறுக்கும் தராசை வண்டிப் பக்கத்தில் இழுத்து வைத்தார். திருகு போட்ட வேலை என்றால் கழற்றிக் கீழே வைத்துவிடலாம், இன்னொரு நாள் மாட்டிக்கொள்ளலாம். இது பசையும் பொருத்தும். அறுத்தால்தான் வரும், அறுத்தால் விறகுதான். இதைத் தெரிந்துகொண்டேதான் ரம்பத்தை எடுத்தார்.

"நான் அறுக்கட்டுமாண்ணே?"

"வேணாம். நீ எடை போட்டுச் சொல்லு."

சுவரோரத் தட்டுகள் பதினெட்டு கிலோ. அதோடு முடிந்துவிடாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை. தலைக்குமேல் அலமாரி நாற்பத்தாறு. மொத்தம் அறுபத்துநான்கு. பீரோவின் சட்டத்தை அறுக்கும்போது ஒருமுறை நிறுத்தி, மூக்கைச் சிந்தி, தூசி என்றார். அது நாற்பத்திரண்டு. நூற்றாறு ஆயிற்று. கதவுகள் இரண்டு மட்டும் மிச்சம். அவற்றை வண்டிக்குள்ளேயே எங்கேயாவது சுவரில் பதித்துவிடலாமென்று கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பாப்பா முற்றத்துக்கு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று அவருக்குத் தெரியாது. அவள் கதவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரேகைமேல் அவள் விரல் ஓட்டிப் பார்த்ததை அவர் பல தடவை பார்த்திருக்கிறார்.

"அது எவ்வளவுப்பா?"

வெல்டர் தராசில் வைத்து நிறுத்தார். "சரியா பதினாலு."

"விட்டா நூத்தி ஆறுதான். பத்தாது." கை நீட்டி அந்த ரேகையைத் தொட்டாள். "எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்பா. எடுத்துடுங்க."

அவர் எடுத்துக் கீழே வைத்தார்.

புதன்கிழமை லிப்ட் மாட்டி முடிந்தது. அலமாரி போன இடத்தில் சுவர் வெளிறித் தெரிந்தது. துணிமணிகளைப் பைகளில் தொங்கவிட வேண்டியதுதான். பாப்பா சக்கரங்களை உருட்டிப் பலகைமேல் ஏறி, பிரேக்கைப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பலகை உயர்ந்தது. பாதி வழியில் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிட்டது. தச்சரின் கைகள் அவரைக் கேட்காமலே நீண்டன. இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

"அங்கேயே நில்லுங்கப்பா."

நின்றார். அவள் பொத்தானை விட்டு, மறுபடி அழுத்தினாள். பலகை முனகிக்கொண்டு மேலே போயிற்று. அவள் சக்கரத்தைத் தள்ளி உள்ளே போனாள். லிப்ட் மடங்கியது. பிறகு பக்கவாட்டுக் கதவைக் கையெட்டிப் பிடித்து இழுத்தாள். சாத்திக்கொண்டது.

மனைவியும் வெல்டரும் தச்சரைப் பார்த்தார்கள். உள்ளே சத்தமில்லை. விழுந்துவிட்டாளா, அழுகிறாளா, பிரேக் போட்டாளா என்று அவர் மனம் நூறு விதமாக அடித்துக்கொண்டது. வண்டிச் சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. கதவருகே போய் நின்று, இரண்டு தடவை தட்டினார்.

"யாரு?"

"நான்தாம்மா, அப்பா." அடுத்த வார்த்தையை அவர் மகளிடம் இதுவரை கேட்டதே கிடையாது. "உள்ள வரலாமா?"

உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

"இப்ப வேணாம்பா. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க."

"சரிம்மா" என்றார்.

நெஞ்சில் ஓங்கிக் குத்தியதுபோல் வலித்தது. வலிக்கட்டும் என்று நினைத்தார். மனைவி பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள், அவள் கூப்பிடுகிறவரைக்கும்.