விரித்தாலும் அசையாத பக்கம்

அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவன் தம்பிதான். நரம்பு போல மெல்லிய எழுத்து. அதைத் தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். எந்த போனில் திறந்தாலும் அதே அளவு, அதே இடம். விரலால் விரித்தாலும் பெரிதாகாதபடி பூட்டியிருந்தான். கண் பரிசோதனைக்கு நேரம் பதிவதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான்.

"ஏன்டா, கண்ணு தெரியாமதானே என்கிட்ட வர்றாங்க? இதைப் படிக்கவே ஒரு கண்ணாடி வேணும் போலிருக்கே?"

"பெருசு பண்ண விட்டா வரி உடைஞ்சு பெட்டிக்கு வெளிய வழியும்க்கா. அசிங்கமா இருக்கும்."

"வழிஞ்சா வழிஞ்சுட்டுப் போகட்டுமே. யாரு அடிக்கப் போறா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

அக்கா கண்ணாடிகளைத் துடைக்கப் போய்விட்டாள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிறவி.

அந்தப் பக்கத்துக்கு வடிவமைப்பாளர் சங்கம் ஒரு கேடயம் கொடுத்தது. அக்கா அதைக் கடையிலேயே வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "என் தம்பி செஞ்சது" என்று காட்டினாள். வருகிறவர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். எதிரே இருந்த இன்னொரு கண்ணாடிக் கடைக்கு இணையப் பக்கமே கிடையாது. வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அக்காவின் பழைய வாடிக்கையாளரான பஸ் டிரைவர் ஒருநாள் அங்கிருந்து வெளியே வந்து தம்பியிடம் மாட்டிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க பக்கத்தைத் திறந்தேன், எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. விரிச்சுப் பாத்தேன், அசையவே இல்ல. கண்ணு அவ்ளோ கெட்டுப்போச்சான்னு பயந்து இங்க ஓடி வந்துட்டேன்."

தம்பி சிரித்து மழுப்பினான். அன்றைக்கே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. கேடயம் வாங்கிய பக்கத்தில் கைவைக்க மனசு வரவில்லை.

கடையை ஒரேயடியாக மூடியபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "ரெடியாகி வாங்காமக் கிடக்கற கண்ணாடி ஒரு பெட்டி இருக்கு. வீட்டுல வந்து வாங்கிக்கச் சொல்லிப் போடுடா. லிங்கை நானே எல்லாருக்கும் அனுப்பிடுறேன். கொஞ்சம் பெருசாகற மாதிரி போடேன்."

பூட்டை எடுத்தான். ஒரே வரி நிரல்தான், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எழுத்துகள் போனுக்குப் போன் வெவ்வேறு விதமாக உடைந்து, பார்க்கச் சகிக்காமல் நின்றன.

மறுநாளே வீட்டு வாசலில் ஆட்கள். ஒரே வாரத்தில் பெட்டி காலி. கடைசிக் கண்ணாடியை வாங்கிய பெண்மணி அதை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"இனிமே டெஸ்டும் வீட்டுலதானாம்மா? இதுலயே பதிஞ்சுக்கலாமா? இப்ப நல்லா படிக்க வருது."

அக்கா தம்பி பக்கம் திரும்பவில்லை.

"மெஷினை வித்தாச்சுங்க," என்றாள்.