நாலு அங்குலக் குழல்

பன்றித்தொடையை அறுத்துக்கொண்டிருந்த மார்லிஸிடமிருந்து கத்தியைப் பிடுங்கப் பார்த்தாள் பக்கத்துப் பண்ணை ஜோனெல். "இன்னைக்காவது உட்காரேன்டி. புருஷனை அடக்கம் பண்ணின அன்னைக்கு எவளாவது பரிமாறுவாளா?"

"உட்கார்ந்தா யாரையாவது குத்திருவேன். விடு."

சர்ச்சின் கீழ்த்தளம் முழுக்கக் காப்பி மணத்தது. மூலை மேசையில் செத்துப்போன புருஷன் வெர்லினின் தம்பி ராலின், ஹாலிஸ், இன்னும் நாலு ஆண்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய் இவர்கள்தான் குழியை மூட வேண்டும். அதற்குள் வாய் சும்மா இருக்குமா?

"வெர்லினோட நாற்பத்துநாலு காலிபர் நல்ல துப்பாக்கிதான், ஒத்துக்கறேன்," என்றான் ஹாலிஸ். "ஆனா நாலு அங்குலக் குழல்ல என்ன வேகம் வரும்? கரடிக்கு முன்னாடி அது வெறும் பொம்மை. ஏழரை அங்குலமா இருந்திருந்தா வெர்லின் இப்ப நம்மகூட உட்கார்ந்து தின்னுட்டிருப்பான்."

"குழல் இல்லப்பா, குண்டோட எடை. இருநூத்தி நாப்பது கிரெய்ன் பத்தாது. முந்நூறு போட்டிருக்கணும்," என்றான் இன்னொருவன்.

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுட்டிருந்தால்தானே வேகமும் எடையும்! ஓடையோரம் கரடி குதறிப்போட்ட வெர்லினின் கையில் இருந்தது மண்வெட்டி. பிக்கப் வண்டியில் சீட்டுக்கடியில் எப்போதும் கிடக்கும் துப்பாக்கியைக் காணவில்லை. ஓடையில் விழுந்திருக்கும் என்றார் ஷெரீஃப். ஊரே இரண்டு நாள் இறங்கித் தேடியது. இடுப்பளவுத் தண்ணீரில் அழுதுகொண்டே தேடினவன் ராலின். துப்பாக்கி இருக்கும்போது எந்த மடையனாவது மண்வெட்டியைத் தூக்குவானா? நாலு நாளாக இதே கேள்விதான் அவளுக்கு.

"பொம்மையா?" ராலினுக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து மேசையில் போட்டான். "நாலு அங்குலம், இருநூத்தி நாப்பது கிரெய்ன். செகண்டுக்கு ஆயிரத்து இருநூத்திப் பதினஞ்சு அடி. முந்நூறுன்னா ஆயிரத்து நூறு. அண்ணன் துப்பாக்கில நானே அளந்தது. படிச்சுப் பாரு!"

நோட்டு கைமாறிக் கைமாறி மார்லிஸ் பக்கம் வந்தது. ராலின் எதை விட்டாலும் தேதியையும் குளிரையும் எழுதாமல் விடமாட்டான். குளிர் மாறினால் வேகம் மாறுமாம். அவள் படித்தாள். போன சனிக்கிழமைத் தேதி. காலை ஒன்பது மணி. இருபத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட், முதல் உறைபனி.

அந்த உறைபனியில்தான் வெர்லின் காணாமல்போன கன்றைத் தேடிப் பிக்கப்பில் ஓடைப்பக்கம் போனான்.

"ராலின், சனிக்கிழமை காலையில துப்பாக்கி உன்கிட்டயா இருந்துச்சு?"

மேசையில் எல்லா முள்கரண்டிகளும் நின்றன.

"அண்ணி... மத்தியானத்துக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னுதான்..."

"அவர்கிட்ட சொன்னியா?"

அவன் தலை இல்லை என்று ஆடியது.

"கரடியைப் பாத்துட்டு அந்தச் சீட்டுக்கடியில எவ்வளவு நேரம் துழாவினாரோ! ரெண்டு நாள் ஓடைல இறங்கினியேடா, பாவி. என்னத்தைத் தேடினே?"

"சொல்ல வாய் வரலை அண்ணி."

"இப்ப மட்டும் நல்லா வந்துச்சே!"

ஹாலிஸ் நோட்டை மெதுவாக மூடிவைத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஆண்கள் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தார்கள். "எல்லாரும் கீழ வைங்க," என்றாள் மார்லிஸ். பிக்கப்பின் பின்னாலிருந்து, ஷெரீஃப் திருப்பித் தந்த மண்வெட்டியை எடுத்துவந்தாள். பிடியில் பல் பதிந்திருந்தது. அதை ராலினிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். மண் இறுகிக் கிடந்தது. முதல் வெட்டு மண் பெட்டிமேல் விழுந்து சத்தம் கேட்டது. உதவ ஓரடி முன்னால் வந்த ஹாலிஸ், மார்லிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

அவள் கோட்டுப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, குழி நிரம்பும்வரை அங்கேயே நின்றாள்.