ஜெயக்குமார் சாரின் கைராசி

காந்தி ரோட்டில் புதுக் கடை திறக்கிறவர்கள் பிள்ளையாருக்கு அடுத்தபடியாக ஜெயக்குமார் சாரைத்தான் தேடுவார்கள். சார் வந்து முதல் பொருளை வாங்கிப் போணி செய்துவிட்டால் அந்தக் கடை நிலைத்து நின்றுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அது எப்படிக் கிளம்பியதென்று யாருக்கும் தெரியாது. செல்போன் கடை, செருப்புக் கடை, சிவராஜின் டீக்கடை என்று அவர் கை பட்டதெல்லாம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. படுத்துப்போன ஜூஸ் கடையைப் பற்றி யாராவது வாயெடுத்தால், அன்றைக்கு சாருக்கு ஜுரம், மச்சானை அனுப்பிவிட்டார் என்று ஊரே அவருக்காகப் பதில் சொல்லும்.

மேல்நிலைப் பள்ளியில் அவர் வணிகவியல் ஆசிரியர். கைராசியை வகுப்பில் கிண்டல் செய்வார். "வியாபாரம் ராசியால நடக்காதுடா, கணக்கால நடக்கும்" என்பார். ஆனால் யாராவது திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டால் போதும், இஸ்திரி போட்ட சட்டையோடு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுவார்.

அந்தக் கையை அவரே திட்டும்படி ஆனது இந்தக் கோடையில்தான். அதற்குக் காரணம் சிம்ரன்.

சிம்ரன் அவரிடம் படித்தவள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். சுமாராகப் படிப்பாள், கேள்வி மட்டும் நிறையக் கேட்பாள் என்பதுதான் அவருக்கு இருந்த ஞாபகம். அந்த சுமார் பெண் சென்னைக்குப் போய், பெரிய படிப்பெல்லாம் முடித்து, வங்கியில் வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வியாபாரமும் நிதியும் சொல்லித்தருகிறேன் என்று கோடை விடுமுறை வகுப்பு ஒன்று ஆரம்பித்தாள். ஆரம்பிக்கும் முன் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரே சார் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், மொத அட்மிஷன் நம்ம அகிலாவா இருக்கணும். மொத ஃபீஸ் உங்க கையால வரணும். அப்புறம் பாருங்க, எப்படிப் போவுதுன்னு."

அகிலா அவருடைய ஒரே மகள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அம்மா மஹாலட்சுமி சயின்ஸ் குரூப் எடுக்கச் சொல்லி எவ்வளவோ மன்றாடியும், காமர்ஸ்தான் என்று பிடிவாதம் பிடித்தவள். ஜூன் மாதம் அப்பாவின் வகுப்பில் வந்து உட்காரப் போகிறவள். அந்த நாளை ஜெயக்குமார் மனசுக்குள் எத்தனையோ முறை நடத்திப் பார்த்திருந்தார். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது, முன் பெஞ்சில் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். அதற்காகவே வீட்டில் ஒரு வார்த்தை கணக்குப் பேசாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

இப்போது சிம்ரன் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். மகள் கண்ணில் ஆசை வழிகிறது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பணத்தை எடுத்து நீட்டினார். நீட்டும்போதே, சாமி, இது மட்டும் ஓடவே கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டார். சாமி காதில் அது விழவில்லை. கை மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஒரே வாரத்தில் இடம் நிரம்பி, வராந்தாவில் பெஞ்ச் போட வேண்டியதாயிற்று. வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள்.

பிறகு வீட்டில் ஆரம்பித்தது மிஸ் புராணம். மிஸ் சொன்னாங்க, மிஸ் கேட்டாங்க, மிஸ் சிரிச்சாங்க. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அகிலா கேட்டாள்:

"அப்பா, டெபிட் கிரெடிட் இவ்ளோ ஈஸியா? மிஸ் ஒரு இட்லி மாவு கடையை வெச்சே முடிச்சிட்டாங்கப்பா. மாவு கடைக்கு உள்ள வந்தா டெபிட், வெளியில போனா கிரெடிட். அவ்ளோதான்."

ஜெயக்குமாருக்குக் கையில் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. ஜூன் மாதத்துக்கென்று அவர் பொத்தி வைத்திருந்த பாடம் இட்லி மாவில் கரைந்துபோய்விட்டது. பள்ளிக்கூடம் திறந்து, அவர் போர்டில் எழுதும்போது இவள் கொட்டாவி விடப் போகிறாள்.

"இட்லி மாவெல்லாம் பரீட்சையில வராது" என்றார்.

"ஏங்க, உங்களுக்கு வயித்தெரிச்சல். நேராத்தான் சொல்லுங்களேன்" என்றாள் மஹாலட்சுமி.

"எனக்கா? என் ஸ்டூடண்ட்மா அவ. எனக்குப் பெருமைதான்."

பெருமைதான் என்றால், பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த அவளுடைய நோட்டீஸை ஏன் போகும்போதும் வரும்போதும் நின்று படிக்க வேண்டும்? படித்த காலேஜ் பெயர் இருந்தது, பார்த்த வேலை இருந்தது, படம் பெரிதாக இருந்தது. சொல்லிக்கொடுத்த சார் பெயர் மூலையில்கூட இல்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டாவது கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பார். அதற்கும் வந்தது கேடு. பெற்றோர் கூட்டத்தில் சிம்ரன் மைக்கைப் பிடித்து, "எனக்கு அக்கவுண்ட்ஸ்னா என்னன்னு காட்டினதே அதோ உக்காந்திருக்காரே, ஜெயக்குமார் சார்தான்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அகிலாதான் ரொம்ப நேரம் தட்டினாள். திட்டுவதற்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று, எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. நல்லவளாகவும் இருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

வகுப்பின் கடைசி நாள் வைகாசித் திருவிழாவோடு சேர்ந்து வந்தது. சாயங்காலம் வரதர் புறப்பாடு காந்தி ரோடு வழியாக வரும், கூட்டம் நெரியும். அதனால் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக ரோட்டோரம் மேஜை போட்டு, தாங்களே செய்த பொருளை விற்க வேண்டும் என்று சிம்ரன் ஏற்பாடு செய்திருந்தாள். நன்றாக விற்கும் ஜோடி சென்னையில் ஒரு கம்பெனியில் ஒரு வாரம் கூடவே இருந்து வேலை பழகலாம். அகிலா அதைப் பற்றித் தூக்கத்தில்கூடப் பேசினாள். அவளுக்குக் கூட்டு ஷாஸியா. ஷாஸியாவின் அப்பாவுக்குப் பட்டு நூல் வியாபாரம். மிஞ்சிய நூலை வாங்கி, கைப்பையிலும் சாவியிலும் மாட்டுகிற குஞ்சங்களாக இருவரும் கட்டியிருந்தார்கள். நிஜமாகவே அழகாக இருந்தன. ஜெயக்குமார் அதை வாய் விட்டுச் சொல்லவில்லை.

"அப்பா, சாமி வர்றதுக்கு முன்னாடி வந்துடு. நீதான் போணி பண்ணணும்" என்றாள் காலையில்.

"பாக்கலாம்மா. ஸ்கூல்ல அட்மிஷன் வேலை இருக்குது."

ஒரு வேலையும் இல்லை. ஓடி ஓடி விற்கட்டும், மிஸ்ஸே போணி பண்ணட்டும், நான் எதற்கு என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு, மகள் மேஜைக்கு நேர் எதிரே இருக்கும் சிவராஜ் டீக்கடைக்குப் போனார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த வாழைத்தாருக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரோட்டோரம் மேஜைகள் வரிசையாக இருந்தன. சிம்ரன் ஒவ்வொன்றாகப் போய் வந்துகொண்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மிஸ், மிஸ் என்று சத்தம். மற்ற மேஜைகளில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அகிலாவின் மேஜைக்கு ஆட்கள் வந்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள், ஏதோ பேசினார்கள், வெறுங்கையோடு போனார்கள். ஒரு குழந்தை குஞ்சம் வேண்டுமென்று அழுதுகொண்டே அம்மா பின்னால் போயிற்று. ஒன்றுகூட விற்கவில்லை.

ஜெயக்குமாருக்கு உள்ளுக்குள் இனித்தது. அப்பாவாக இருந்துகொண்டு இனிக்கலாமா என்று கேட்டால் கூடாதுதான். ஆனால் இனித்தது. விலை வைக்கத் தெரியவில்லை, இட்லி மாவுக் கணக்கு இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு டீயை உறிஞ்சினார்.

சிவராஜ் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"சார், நீங்க இங்க உக்காந்துக்கினு இருக்கீங்க? பாப்பா உங்களைத்தான் தேடிக்கினு இருக்குது. நானே போய் ஒரு குஞ்சம் கேட்டேன் சார், தரமாட்டேன்னுடுச்சு. எங்கப்பா வந்துக்கினு இருக்காரு அண்ணா, அவரு போணி பண்ணதும் எடுத்துக்குங்கன்னுது. வர்றவங்களை எல்லாம் அப்படியேதான் திருப்பி அனுப்புது."

ஜெயக்குமாருக்குச் சுருக்கென்றது. விற்காமல் இல்லை, விற்க மறுக்கிறாள். அவருக்காக. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். எழுந்து ரோட்டைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து சிம்ரன் அகிலாவின் மேஜைக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து ரூபாய் நோட்டை எடுத்துச் சிரித்தபடி நீட்டினாள். அகிலா தலையை ஆட்டினாள். சிம்ரன் கோயில் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லி மறுபடியும் நீட்டினாள். அகிலா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சிம்ரனின் முகம் வாடிப்போனது இங்கிருந்தே தெரிந்தது.

ஆகா! கோடை முழுக்க எரிந்த வயிறு அந்த ஒரு நொடியில் குளிர்ந்துவிட்டது. மிஸ் சொன்னாங்க, மிஸ் சொன்னாங்க என்ற பெண், மிஸ் நீட்டின பணத்தை வேண்டாம் என்கிறாள். என் மகள். என் கைதான் வேண்டுமாம். அந்த மிஸ்ஸுக்குப் பெரிய படிப்பு இருந்தால் என்ன, சென்னை இருந்தால் என்ன? சிம்ரன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், பார்க்கலாம் என்று ஜெயக்குமார் திரும்ப உட்கார்ந்தார்.

"சிவராஜ், இன்னொரு டீ போடு. சக்கரை தூக்கலா."

சிவராஜ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

நாதஸ்வரம் கேட்டது. சாமி திருப்பத்தில் ரொம்ப நேரம் நிற்கும், தீபாராதனை இருக்கும், நேரம் இருக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. சாமி அன்றைக்கு நிற்கவில்லை. தூக்கிவந்தவர்கள் விறுவிறுவென்று கடந்து போனார்கள், ஜனம் மொத்தமும் பின்னாலேயே ஓடிற்று. டீ டம்ளரைக் கீழே வைத்து அவர் வெளியே வந்தபோது ரோட்டில் மிதிபட்ட பூவும் தேங்காய்ச் சில்லும்தான் கிடந்தன. பிள்ளைகள் மேஜைகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஓடித்தான் ரோட்டைக் கடந்தார்.

"அட்மிஷன் வேலைம்மா, முடியவே இல்ல" என்று நோட்டை நீட்டினார்.

அகிலா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு அரக்குக் குஞ்சத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். மேஜை நிறைய மீதிக் குஞ்சங்கள் கட்டியபடியே கிடந்தன. ஷாஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேம்மா."

"வேணாம்பா. போணிக்கு ஒண்ணு போதும்."

சிம்ரன் வந்தாள். "ஏன் அகிலா இப்படிப் பண்ண? உங்களுதுதான் மொதல்ல தீர்ந்துபோவும்னு நெனச்சேன். யாராவது ஒருத்தர்கிட்ட போணி பண்ணிட்டு வித்திருக்கலாம் இல்ல?"

"எங்க தப்பு மிஸ். கூட்டம் இவ்ளோ சீக்கிரம் போயிடும்னு நாங்க யோசிக்கல. அப்பாவுக்கு ஸ்கூல்ல வேலை, அவரு என்ன பண்ணுவாரு."

"விடுங்க சார், முகத்தை ஏன் அப்படி வெச்சுக்கிறீங்க?" என்று சிம்ரன் அவரையே தேற்றினாள். "லேட்டானாலும் உங்க கை பட்டுடுச்சு. அடுத்த பேட்ச்சுக்கும் நீங்கதான் வந்து ஆரம்பிச்சு வைக்கணும்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வாய்க்குள் ஏதோ முனகினார்.

ஷாஸியாவை அவள் அப்பா வந்து கூட்டிப் போனார். குஞ்சங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு அகிலா முன்னால் நடந்தாள். வண்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை. நேரே ரோட்டைக் கடந்து டீக்கடை வாசலில் போய் நின்று, கூடையை வண்டியில் மாட்டினாள். ஜெயக்குமார் அதைக்கூடக் கவனிக்காமல், எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்:

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"ஷாஸியாவும் அதான் சொன்னா. எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கிறவருக்கு எதுக்கு போன்?"

அவர் வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

"வண்டி வாசல்லயே நின்னுக்கினு இருந்ததேப்பா. நீ டீ குடிச்சிட்டு வருவேன்னு நெனச்சேன். சிவராஜ் அண்ணா வந்து சொன்னதும் நீ எழுந்த. அதையும் பார்த்தேன். எங்கப்பா வந்துட்டாருன்னு ஷாஸியாகிட்ட சொல்லிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரி புரியாதபோது பிள்ளைகள் எழுந்து நின்று கேட்பார்களே, அப்படித்தான் கேட்டாள். "அப்புறம் ஏன்பா இன்னொரு டீ வாங்கின?"

ஜெயக்குமார் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார். சாவி கையில்தான் இருந்தது.