மூன்றாம் மாடியில் ஓடிய யூப்ரடீஸ்

மார்கிட் ஸ்வென்ட்சன் மேற்காசிய வரலாறு நடத்தும் செவ்வாய், வியாழக்கிழமைகளில், அயோவாவின் அந்தச் சிறிய கல்லூரியில் மூன்றாம் மாடி முழுக்க யூப்ரடீஸ் ஆறு முழங்கால் அளவுக்கு ஓடும். வெளியே ஜனவரிப் பனி இறுகிக் கிடந்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாக, மண்நிறமாக இருக்கும். அன்றைய பாடத்தை முழுதாகச் சொல்லி முடித்தால்தான் வடியும். ஒருமுறை தீ ஒத்திகை மணி அடித்து வகுப்பு பாதியில் கலைந்ததில் கீழ்மாடிக் கணிதத்துறை நனைந்துபோய், ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பக்கத்து அறையில் சமயப் பாடம் நடத்திய லாயிட் ஆஷ்பிக்கு ஆறெல்லாம் கிடையாது, சாம்பிராணிப் புகைதான். அவர் ஓய்வு பெற்று அரிசோனா போனதும் கல்லூரி அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. இப்போதெல்லாம் யார் போடுகிறார்கள்? யூதம், கிறித்தவம், இஸ்லாம் மூன்றையும் மார்கிட் தலையில் கட்டினார்கள். அடுத்த வருடம் கலை, அதற்கடுத்து பண்பாடு. எழுபத்திரண்டு வயதில், மூட்டு வீங்கி, ஈரக் காலுறையோடு ஐயாயிரம் வருடங்களை ஒரே பருவத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தார். மனுஷிக்கு அலுத்துப் போய்விட்டது. ஆனால் தான் போனால் ஆறும் போய்விடுமே என்று பயந்தார்.

டீன் கர்டிஸ் எதையும் ஒளிக்கவில்லை. "நீங்க போனா அந்த போஸ்டும் உங்களோட போச்சு, மார்கிட்."

"அப்ப ஆறு?"

"அது பாடத்திட்டத்துலயே இல்லையே."

அன்று லாயிடுக்குப் போன் செய்து அழுதேவிட்டார். லாயிட் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். "உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. புகை என் பின்னாலயே வந்துடுச்சு. வாரத்துல ரெண்டு நாள் கார் ஷெட்டு பூரா அதான். நின்னு பாடம் நடத்தினாத்தான் கலையுது."

"யாருக்கு நடத்துற?"

"கார் நிக்குதுல்ல."

"அடப்பாவி! அப்ப நமக்கு ரிடையர்மென்ட்டே கிடையாதா?"

"மதியத் தூக்கம் உண்டு."

மே மாதம் மார்கிட் ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கேக் வெட்டினார்கள், டீன் முதன்முறையாக அவர் குடும்பப் பெயரைச் சரியாக உச்சரித்தார். மூன்றாம் மாடி ஒரு வாரத்தில் காய்ந்தது. அங்கே இப்போது விற்பனை உத்தி வகுப்புகள் நடக்கின்றன, கூட்டம் அலைமோதுகிறது.

செப்டம்பரின் முதல் செவ்வாய்க்கிழமை, வழக்கமான வகுப்பு நேரத்துக்கு, அவர் வீட்டுச் சமையலறைக் கதவடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மார்கிட் கம்பளத்தைச் சுருட்டி மேலே வைத்தார். பேச உடம்பில் தெம்பில்லை. பேசாவிட்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் புகுந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து, காலை ஆற்றுக்குள் விட்டுக்கொண்டு, முதல் நகரங்களிலிருந்து ஆரம்பித்தார். தக்காளிப் பாத்தியில் தண்ணீர் ஏறிவிட்டதென்று சண்டைக்கு வந்த அடுத்த வீட்டு டோரிஸ், இடுப்பில் வைத்த கையை எடுக்காமலே வாசலில் நின்று கேட்டாள். வெகுநேரம் நின்றாள்.

"சரி, அந்த ஊரைக் கொளுத்தினது யாரு?"

"எந்தத் தடவை கொளுத்தினதைக் கேக்குற?" என்று சொல்லி, மார்கிட் படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.