தண்ணீர் மேல் சொல்லாத சொல்

கோட்டை வாசலில் பெயர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தனக்கோடி வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டான். நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு மணலில் நடந்து, வெயில் ஏறுவதற்குள் போய் முன்வரிசையில் நின்றும் விட்டான். நிற்க மாட்டானா பின்னே? முகத்துவாரச் சண்டையில் குண்டு வாங்கிய தொடை அவனுடையது. சில வருஷங்களுக்கு முன்பு பறங்கிக் கொள்ளைக்காரர்கள் கப்பலை வெளியே நிறுத்திவிட்டுச் சின்னப் படகுகளில் ஏரிக்குள் நுழையப் பார்த்த அன்று, ஒல்லாந்துக் கும்பினியில் லஸ்கர்களாக, தோணிக் காவலாட்களாக, இருந்த அவனும் நீலமேகமும் ஒரே தோணியில் காவல் நின்றார்கள். நீலமேகம் அங்கேயே செத்தான். தனக்கோடி உயிர் தப்பினான். கால்தான் அதற்கப்புறம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கோட்டைக்குப் புதிதாக வந்திருந்த ஒல்லாந்துக் கப்பித்தான் நாகப்பட்டினத்தில் பல வருஷம் இருந்தவர். தமிழ் பேசுவார், தப்பும் தவறுமாக. அந்தச் சண்டையில் செத்தவர் வீட்டாரையும் காயம்பட்டவர்களையும் ஊரறியக் கூப்பிட்டுத் துணி போர்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? படிக்கிற வேலையை, பேச்சை மொழிபெயர்த்துக் கணக்கும் எழுதுகிற துபாஷி வேங்கடாத்ரியிடம் கொடுத்தாரே, அங்கே பிடித்தது வினை.

முதலில் நீலமேகத்தின் பெயரைப் படித்தார்கள். அவன் பெண்சாதி ரங்கம்மாள் போய்ச் சேலையை வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். விரல் போனவன் போனான், தோளில் வெட்டு வாங்கியவன் போனான். வேங்கடாத்ரி புத்தகத்தை மூடினார். தனக்கோடியைக் கூப்பிடவே இல்லை.

"சாமி, என் பேர உட்டுட்டீங்க" என்றான் தனக்கோடி. மறந்துவிட்டார் போலும் என்றுதான் நினைத்தான், பாவம்.

வேங்கடாத்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கிண்டலுக்கு ஆள் கிடைத்தது மாதிரி புத்தகத்தை மறுபடி திறந்தார். "உன் பேரா? இருக்குதே. 'லஸ்கர் தனக்கோடி. காவலை விட்டு மீன் பிடிக்கப் போன இடத்தில் மீன் கடித்துத் தொடையில் காயம். வேலையிலிருந்து நீக்கம்.' போதுமா, இன்னும் சத்தமாப் படிக்கட்டுமா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. சிரிக்காதவள் ரங்கம்மாள் ஒருத்திதான். அவள் நேராகத் தனக்கோடி முன்னால் வந்து நின்றாள்.

"மீன்கடிக்கு இங்க இன்னாய்யா வேலை?" என்றாள். "எம் புருசன் ரத்தம் கக்கிக்கினு சாவும்போது நீ வலை வீசிக்கினு இருந்த. அத்த எனக்கு அன்னிக்கே படிச்சிக் காட்டிட்டாங்க. இப்போ துணி வாங்க வந்துட்டியா, வெக்கங்கெட்டவனே?"

தனக்கோடிக்கு உச்சந்தலையில் யாரோ துடுப்பால் போட்டதுபோல் இருந்தது. இத்தனை வருஷமாக அவள் தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதற்கு இதுவா காரணம்? 'அண்ணாத்தே, அண்ணாத்தே' என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். புருஷன் போன துக்கம், என்னைப் பார்த்தால் அவன் ஞாபகம் வருகிறது போல என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒதுங்கிப் போயிருந்தான். தன் மடியில் தலை வைத்துச் செத்தவனை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனவன் என்றல்லவா அவள் நெஞ்சில் இருந்திருக்கிறது! துணி கிடக்கட்டும், குப்பையில் போடு. இந்தப் பழியோடு ஒரு நாள் கூட இருக்க முடியாது என்று அவனுக்குப் பட்டது.

மீன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதும் அடுத்த மூச்சிலேயே விளங்கிவிட்டது.

ஏரியிலும் கடலிலும் பிழைக்கிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. தண்ணீர் மேல் இருக்கும்போது ஆயுதத்தின் பெயரை எடுக்கக் கூடாது. எடுத்தால் தண்ணீர்த் தாய் கங்கம்மா காதில் விழும், அதே ஆயுதம் தேடிக்கொண்டு வந்து உன் வீட்டில் ஒரு ஆளைக் கொண்டுபோகும். அதனால் தோணியில் எவனையாவது கத்தி கீறினால் முள் கீறியது என்பார்கள். ஈட்டி பாய்ந்தால் திருக்கை குத்தியது என்பார்கள். துப்பாக்கி வந்தபிறகு அதற்கும் ஒரு பேச்சு வந்தது: மீன் கடித்துவிட்டது. கரையேறிய பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் மேல் மட்டும் கூடாது.

அன்றைக்கு என்ன நடந்தது? சண்டை முடிந்து தோணிகள் கோட்டைத் துறைக்கு வந்தன. வேங்கடாத்ரி படியில் நின்றுகொண்டு, வேட்டி நனைந்துவிடுமே என்று ஒரு படி கூடக் கீழே இறங்காமல், "உனக்கு என்ன? உனக்கு என்ன?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். தோணிக்குள் ரத்தத்தில் கிடந்த தனக்கோடி, "மீன் கட்ச்சிடுச்சி சாமி" என்றான். வேறு எப்படிச் சொல்வான்? அதற்குமேல் அவனுக்கு நினைவில்லை. காவலை விட்டுப் போனதும் வலை வீசியதும் துபாஷியின் சொந்தச் சரக்கு.

"தோணில படுத்துக்கினு சொன்னேன்!" என்று தனக்கோடி கத்தினான். "கேக்குதா எல்லாருக்கும்? தோணில வச்சித்தான் கேட்டாரு, தோணில வச்சித்தான் சொன்னேன்!"

சிரித்துக்கொண்டிருந்த குப்பத்து ஆட்கள் சட்டென்று வாயை மூடினார்கள். அவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ரங்கம்மாளின் முகம் மாறியது. "நீ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"நீ எங்க கேட்ட?"

ரங்கம்மாள் சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

கப்பித்தான் எழுந்து வந்தார். என்ன கலாட்டா என்றார். தனக்கோடி வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டினான், குழி விழுந்த தழும்பை. வழக்கத்தையும் சொன்னான். "தொர, இது மீனு கட்ச்ச காயமில்ல, குண்டு பட்ட காயம். புத்தகத்துல கீறத மாத்தணும். மாத்தாம நான் இந்த வாசல உட்டு நவுர மாட்டேன். சோறு தண்ணி இல்லாம இங்கியே கெடப்பேன், இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்கங்க."

வேங்கடாத்ரி முந்திக்கொண்டார். திருக்கை முள் ஏறினாலும் இப்படித்தான் குழி விழும், அப்போதிருந்த கோட்டை வைத்தியர் செத்துப் போய்விட்டார், சாட்சிக்கு ஆளில்லை, அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். எழுதியதை மாற்றினால் எழுதியவன் பொய்யன் என்று ஆகிவிடுமே, அந்தப் பயம். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வரும்போதே முகத்தில் ஒரு சிரிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"துரை, நியாயமா ஒண்ணு சொல்றேன். மீன்னு எங்க சொன்னானோ அங்கியே போய் சொல்லட்டும். தோணில ஒக்காந்து, துப்பாக்கிக் குண்டு பட்டுதுன்னு ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும். அங்கியே மாத்தி எழுதிக் குடுக்கறேன்."

எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் பாருங்கள். வேங்கடாத்ரி ஒன்றும் ஆகாசத்திலிருந்து குதித்தவர் இல்லை. சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஏரிக்கரையிலேயே பிறந்து, தலைப்பாகை கட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நண்டு பிடித்துத் திரிந்த ஆள். தண்ணீர் மேல் எவனும் அதைச் சொல்ல மாட்டான் என்று தெரிந்தேதான் வலையை விரித்தார். கப்பித்தானுக்கு அது தெரியுமா? நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. தலையை ஆட்டிவிட்டார்.

"நீலமேகம் பொஞ்சாதியும் வரணும்" என்றான் தனக்கோடி. "அவளும் காதால கேக்கட்டும்."

துறையில் கிடந்த தோணியில் ஏறினார்கள். கப்பித்தான் நடுவில் உட்கார்ந்தார். எதிரே வேங்கடாத்ரி, மடியில் புத்தகம், கையில் மைக்கூடு. ஓரத்தில் ரங்கம்மாள், புதுச் சேலை மடிப்புக் கலையாமல் அக்குளில். கழி ஊன்றித் தள்ளியவன் தனக்கோடியின் மூத்த மகன் லோகநாதன். இரண்டாவது மகன் அன்று விடிவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தான், இன்னும் திரும்பவில்லை.

ஆழமில்லாத இடம்தான், இடுப்பளவு இருக்கும். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தானே. கப்பித்தான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"தனக்கோடி, நீ இங்கே சொன்னாய், மீன். இப்போது சொல், உன்னைக் கடித்தது என்ன?"

தனக்கோடி வாயைத் திறந்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கழியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் கண்ணில் பட்டான். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் சின்னவனின் பாய் எங்காவது தெரிகிறதா என்று தேடினான். தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

"மீனு, தொர" என்றான்.

"என்ன?"

"மீனுதான். இங்க கேட்டா மீனுதான் சொல்லுவேன். கரைக்கு வாங்க, கோட்டை மேல ஏறி நின்னுக்கினு ஊருக்கே கேக்கற மாதிரி ஆயிரம் தடவை அத்த சொல்றேன். இங்க மாட்டேன். எம் பேரு நாறிப் போனாலும் சரி, என்னைக் கட்டி வச்சி அட்ச்சாலும் சரி, என் பசங்களுக்கு மேல ஒரு பேரு எனக்கு வாணாம்."

கப்பித்தானின் முகம் சிவந்தது. தன்னை வெயிலில் தோணியேற்றிக் கூத்தடிக்கிறான் என்று நினைத்துவிட்டார். வேங்கடாத்ரி பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடினார். "நான்தான் சொன்னேனே துரை. பொய்யின்னா வாயில வராது. லோகநாதா, தோணியத் திருப்பு."

"திருப்பாத" என்றாள் ரங்கம்மாள்.

அவள் எழுந்து நின்றாள். தோணி ஒரு ஆட்டம் ஆடியது. அவள் கப்பித்தானைப் பார்க்கவில்லை, துபாஷியையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். சண்டைக்குக் கூப்பிடுகிறவள் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"கங்கம்மா, நல்லாக் கேட்டுக்க! குண்டு! துப்பாக்கிக் குண்டு! எம் புருசனத் துளைச்சது குண்டு, இந்த மனுசன் தொடையில பாஞ்சதும் குண்டு! எங்கிட்ட இருந்து எடுக்க இன்னாடி வச்சிருக்க நீ? பெத்த புள்ளையா? இருந்த ஒருத்தன எடுத்துக்கினு போயிட்ட. இந்தா நிக்கிறேன், எடுத்துக்க! குண்டு! குண்டு!"

"ஏய்! சொல்லாதடி!" என்று ஓர் அலறல் கேட்டது. "தண்ணி மேல சொல்லாத! வாய மூடு பாவி, சொல்ல வச்ச பழி என் தலையில விழும், எம் பொண்ணு இன்னிக்கி ஏரி தாண்டி வரா!"

அலறியது வேங்கடாத்ரி. புத்தகம் மடியிலிருந்து நழுவித் தோணித் தரையில் விழுந்திருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கப்பித்தான் துபாஷியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேங்கடாத்ரி" என்றார் மெதுவாக. "இந்த வழக்கம் நீ கேட்டதே இல்லை என்றாய்."

துபாஷி காதிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அன்றைக்கும் உனக்குத் தெரியும். மீன் என்றால் என்ன, தெரிந்துதான் எழுதினாய்."

"துரை, அந்த அவசரத்துல…"

"எழுது. இங்கேயே. நான் சொல்கிறேன், நீ எழுது."

பழைய வரியைக் கிழிக்க வேண்டாம் என்றான் தனக்கோடி. "அடிச்சிட்டு எழுதட்டும் தொர. அடிச்சது தெரியணும். யார் அடிச்சதுன்னும் கீழ பேரு போடட்டும்." கப்பித்தான் அதற்கும் சரி என்றார். வேங்கடாத்ரி புத்தகத்தைப் பொறுக்கி எடுத்து எழுதினார். மை சொட்டியது. 'லஸ்கர் தனக்கோடி. காவலை விடவில்லை. முகத்துவாரச் சண்டையில் நீலமேகத்தோடு நின்று, எதிரியின்…' அதோடு எழுத்து நின்றது. அடுத்த சொல்லை எழுதத்தான் வேண்டும், எழுதினால் படித்துக் காட்டத்தான் வேண்டும். துபாஷி கெஞ்சுகிற மாதிரி நிமிர்ந்தார். கப்பித்தான் அசையவில்லை. எழுதினார்.

"படி" என்றார் கப்பித்தான்.

வேங்கடாத்ரி 'எதிரியின்' வரைக்கும் படித்துவிட்டு, அடுத்த சொல்லுக்கு முன் நிறுத்திக்கொண்டார்.

ரங்கம்மாள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். கோபம் இறங்கிவிட்டது, கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை. செய்துவிட்ட காரியம் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு தடவையா இரண்டு தடவையா, அவள் ஒருத்தியாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளையில்லை, புருஷனில்லை, சரி. அதற்காக அவள் உயிர் உயிரில்லையா?

தனக்கோடிக்கு மனசு தாளவில்லை. பெயருக்காகச் சொல்ல மாட்டேன் என்றவன்தான். பெயர் இப்போது வந்தும் விட்டது, மை கூடக் காயவில்லை, இனி சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் தன் பழியைத் துடைக்கப் போய் இவள் தனியாகக் கங்கம்மா முன்னால் நிற்கிறாளே. தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, நொண்டிக் காலை இழுத்து, அவள் பக்கத்தில் எழுந்து நின்றான்.

"நைனா, வாணாம்" என்றான் லோகநாதன்.

"நீ சும்மா இருடா." தனக்கோடி தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையை எடுக்காமலே உரக்கச் சொன்னான். "குண்டு! கேட்டியா தாயி? நான்தான் சொன்னேன். அவ சொன்னதும் என் கணக்குதான். என் பசங்க சொல்லல, அவ சொல்லல. கேக்கறதுன்னா என்னை மட்டும் கேளு."

தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கப்பித்தான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். ரங்கம்மாள் அவன் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"ஒக்காரு அண்ணாத்தே" என்றாள். "தோணி கவுந்துடப் போவுது."