நான்காவது பட்டனுக்கு முன்னால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல, என் கண்ணாடிக்காரரிடமிருந்து எடுத்தது. "எடுத்தது" என்பது கௌரவத்துக்காகப் போட்ட சொல். புதுக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டி, காதுப் பக்கம் வளைத்து, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று தான் வாங்கிய பழைய காரைப் பற்றி அவர் பேசினார். பேட்டரியை மாற்றியிருக்கிறார். மாற்றியதும் காரில் இருந்த ஸ்டீரியோ, தன்னை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தானாகவே முடிவுகட்டி, ரகசிய எண்ணைக் கேட்டிருக்கிறது. எண் அவர் கையிலேயே இருந்தது. காரை விற்றவர் சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்: மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு. போட்டார். தப்பு என்றது. மறுபடி போட்டார். மறுபடியும் தப்பு.

"சரியான நம்பரைத் தப்புங்குது மேடம். மூணாவது தடவை போடப் பயமா இருக்கு. அதுவும் தப்புன்னா பூட்டிக்குமாம். ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள அது பாடியே ஆகணும்."

ஏன் பாடியே ஆகணும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும், நானும் வீட்டு வேலையைப் பார்த்திருப்பேன். கேட்காமல் வந்ததால் மூன்று வாரமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருள் கவிந்த அந்தக் காருக்குள் நான்கு பூஜ்ஜியங்கள் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்க, அவர் தன்..." நிறுத்திவிட்டேன். அவர் காரில் போய் உட்காருவது மதியம் ஒன்றேகாலுக்கு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. வெயில் மண்டையைப் பிளக்கும்போது எங்கிருந்து இருள் கவிவது?

இரண்டாவது: "எண்கள் பொய் சொல்லாது என்று நம்பிய ஒரு மனிதர் இருந்தார்." படித்துப் பார்த்தால் யாரோ மேடையேறி வாழ்க்கையில் முன்னேறச் சொல்வதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாவதை வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்காரர் ஊரையே படிக்கவைப்பவர். சுவரில் எழுத்துப் பலகை தொங்குகிறது. எதிரே யாராவது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "அடுத்த வரி. இன்னும் கீழ. ஊகிக்காதீங்க, தெரிஞ்சா சொல்லுங்க" என்று இருபது வருடமாக மிரட்டிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் காரில் உட்கார்ந்து மூன்றாம் பட்டனை ஒருமுறை, ஒன்றாம் பட்டனை ஒருமுறை, ஐந்தாம் பட்டனை ஒருமுறை, இரண்டாம் பட்டனை ஒருமுறை அமுக்கினார். திரையில் 1110 என்று வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.*

(* இந்த மாதிரி ஸ்டீரியோவைக் கண்டவர்கள் இங்கேயே சிரித்துவிடுவீர்கள். சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள், மற்றவர்களும் படிக்க வேண்டும்.)

மூன்றாவது முயற்சியையும் கதையில் அவரைச் செய்யவைத்தேன். எனக்கென்ன, என் காரா? திரையில் சின்னதாக ஒரு பூட்டின் படம் விழுந்தது.

3

இப்போது எனக்கு ஒரு காரணம் வேண்டும். காரில் பாட்டு வரவில்லை என்றால் மனிதன் பாட்டில்லாமல் போவான், அவ்வளவுதானே. இவர் ஏன் இப்படித் தவிக்கிறார்?

அன்றைக்கு என் கண்ணாடியைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும்போது அவர் சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. என்னுடையது பைஃபோக்கல். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிக்க. "படியில இறங்கும்போது மட்டும் கழட்டிடுங்க மேடம். கீழ்பாதி வழியா பாத்தா படி வேற இடத்துல இருக்கும்." இதை எல்லாக் கண்ணாடிக்காரர்களும் சொல்வார்கள், ஒருமுறை. இவர் மூன்றுமுறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது பெட்டியை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பிடியிலிருந்து நான் அவருக்கு ஓர் அம்மாவையும் ஓர் அக்காவையும் உண்டாக்கினேன்.

நான்கு வருடங்களுக்கு முன், அம்மாவுக்கு அவரே பரிசோதித்து அவரே லென்ஸ் அறுத்துப் போட்டுக் கொடுத்த புதுக் கண்ணாடி. எட்டாம் நாள் அம்மா மாடிப்படியில் இறங்கும்போது விழுந்தாள். மறுநாள் காலை போய்விட்டாள். அக்கா வெளியூர். தகவல் சொல்லியாயிற்று, நாலு மணிக்குள் வந்துவிடுவாள். கண்ணாடிக்காரத் தம்பி இரண்டரைக்கே எடுக்கச் சொல்லிவிட்டான். மழை வரும்போல இருக்கிறது என்றான், மயானத்தில் நேரம் கடந்தால் கஷ்டம் என்றான். சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். உண்மை அவன் சட்டைப்பையில் இருந்தது, ஒரு காம்பு உடைந்த கண்ணாடியாக. வந்திருந்த அத்தனை பேரில் யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்றை அக்கா மட்டும் கேட்பாள்: விழும்போது அம்மா எந்தக் கண்ணாடி போட்டிருந்தா?

அக்கா வந்தபோது கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. "ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையாடா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இப்போது அக்காவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. பெரிய ஊருக்குப் போக வேண்டும், காரில் ஐந்து மணி நேரம். அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மாவை நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். வேற யாரும் இல்ல." மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றுவிட்டு நேராகக் காருக்குப் போய் ரேடியோவைத் தட்டினார். ஐந்து மணி நேரமும் அது பாடினால் அக்கா கேட்கமாட்டாள். பாடாவிட்டால் கேட்பாள்.

பாவம், மனிதர் என்னிடம் ரேடியோவைப் பற்றி மட்டும்தான் சொன்னார். மற்றதெல்லாம் என் கைவேலை.

4

(நீக்கப்பட்டது. அக்காவின் கணவரை அறிமுகப்படுத்தும் பகுதி. அவரால் இந்தக் கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

5

அக்கா எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் பிரதியில் வண்டியில் ஏறியதும் அழுதாள், தாங்க முடியவில்லை. அடுத்த பிரதியில் முகத்தில் அடித்தாற்போலப் பேசினாள், அதுவும் பொய்யாக இருந்தது. கடைசியில் அவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தேன், பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில். அதற்குப் பிறகு கொஞ்சம் ஒத்துழைத்தாள். முப்பது வருடமாக மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னவள், அதனால் தானும் அதிகம் பேசமாட்டாள்.

கிளம்பும் காலையில், அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்காரர் கடைசி முயற்சியாகக் கார் எலக்ட்ரீஷியனை மறுபடி போனில் கூப்பிட்டார்.

"நம்பரை எப்படி சார் அடிச்சீங்க?"

"எப்படின்னா? மூணு, ஒன்னு, அஞ்சு, ரெண்டு."

"ஐயோ சார், அப்படி அமுக்கக் கூடாது. எண்ணணும். முதல் பட்டனை மூணு தடவை, ரெண்டாவதை ஒரு தடவை, மூணாவதை அஞ்சு, நாலாவதை ரெண்டு. அந்தச் சின்னப் புத்தகத்துல போட்டிருப்பானே, படிக்கலையா?"

கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நம்பர் தப்புன்னுதானே சார் சொன்னீங்க? சரி, இப்ப பூட்டிக்கிட்டிருக்கு. ஒரு மணி நேரம் ஆனா தானா விடும். அதுவரைக்கும் ரேடியோவை ஆஃப் பண்ணிடாதீங்க. பண்ணா மறுபடி முதல்ல இருந்து ஒரு மணி நேரம்."

ஆக, முதல் ஒரு மணி நேரம் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. (இது என் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீரியோவைச் செய்தவர்களின் ஏற்பாடு.) அக்கா முதலில் பின்கதவைத் திறந்தாள். அங்கே அவள் பையே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டினார்கள். ரயில்வே கேட்டில் நின்றார்கள். கண்ணாடிக்காரர் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார், காய்ந்த கண்ணாடியில் அது கீச்கீச்சென்று போய்வந்தது.

ஒரு மணி நேரம் ஆனதும் பூட்டு மறைந்து நான்கு பூஜ்ஜியங்கள் வந்தன. முன்னால் கம்பி ஏற்றிய லாரி, பக்கத்தில் பஸ். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியாது. ஓரமாக நிறுத்தலாம், ஆனால் நிறுத்தினால் வண்டிச் சத்தம் அடங்கி அக்கா கேட்க வசதியாகிவிடும்.

"முதல் பட்டனை மூணு தடவை அமுக்கு."

நான்கு வருடங்களுக்குப் பிறகு தம்பி அக்காவிடம் பேசிய முதல் வாக்கியம். இதைவிட நல்லதாக ஒன்று எழுதித்தர நானும் பார்த்தேன். இதைத்தான் சொல்வேன் என்று அவர் பிடிவாதமாக இருந்துவிட்டார்.

அக்காவுக்குத் திரை மங்கலாகத்தான் தெரிந்தது. விரலால் தடவிப் பட்டனைக் கண்டுபிடித்தாள். "ஒன்னு. ரெண்டு. மூணு."

"பக்கத்துல இருக்கறதை ஒரு தடவை."

"ஒன்னு."

"அதுக்கு அடுத்தது அஞ்சு."

ஐந்துவரை நிதானமாக எண்ணினாள். விரல் நான்காவது பட்டனுக்கு வந்து நின்றது. "இது?"

அவர் "ரெண்டு" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இரு," என்றாள் அக்கா. "அன்னைக்கு ஏன்டா எனக்காகக் காத்திருக்கல?"

6

இங்கேதான் நான் நிற்கிறேன். முயன்று பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

ஒரு பிரதியில் அவர் "மழை வரும்னாங்கக்கா" என்றுவிட்டு "ரெண்டு தடவை" என்றார். பாட்டு வந்தது. நான்கு மணி நேரம் பாட்டு வந்தது. எழுதி முடித்ததும் எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

இன்னொன்றில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அக்கா அழுதாள், அவரும் அழுதார், அவள் அவர் தோளில் கைவைத்து "நீ வேணும்னேவா செஞ்சே?" என்றாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதனால்தான் சந்தேகம் வந்து கிழித்துப் போட்டேன்.

வேறொன்றில் அக்கா "வண்டியை நிறுத்து" என்று இறங்கிவிட்டாள். ஆனால் கண் தெரியாதவள் நெடுஞ்சாலை ஓரத்தில், எந்தப் பஸ் எந்த ஊருக்கு என்றுகூடத் தெரியாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டேன்.

கடைசியாக எழுதியது: அவர் லாரியைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அந்தக் கண்ணாடி" என்று ஆரம்பித்து

7

முடிவில்லாத பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தொழில் விஷயத்தில் தப்பு இருக்கக் கூடாது, லென்ஸ் பற்றிச் சரிபார்த்துக் கொடுங்கள் என்று சாக்குச் சொன்னேன். லென்ஸ் பவர் எழுதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அவர் நின்றபடியே படித்தார். வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி விடாமல் படித்தார்.

"அக்கா இல்ல மேடம்," என்றார். "அண்ணன்." அடித்துத் திருத்தினார்.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "உங்களைப் பத்தி இல்லைங்க இது, சும்மா கற்பனைதான்..."

"கண்ணு இல்ல, மூட்டு. அஞ்சு மணி நேரம் இல்ல, மூணரை." இரண்டையும் அவருடைய பொடி எழுத்தில் ஓரத்தில் எழுதினார்.

மாடிப்படி வரும் இடத்தில் பென்சில் காகிதத்தைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றது. நான் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முயன்றேன். அந்தப் பத்தியில் அவர் எதையும் திருத்தாமல் பக்கத்தைத் திருப்பினார்.

எலக்ட்ரீஷியன் பேசும் இடத்துக்கு வந்ததும் "எண்ணணுமா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சாவியோடு வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் ஒரு பெண் குரல் கணீரென்று வானிலை வாசித்தது. மனிதர் அதை அணைக்காமலேயே திரும்பி வந்து மீதியைப் படித்தார். கடைசித் தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதுக்கு மேல?"

"வரலைங்க. அதான் ரேடியோ பாடுதே, இனிமே உங்களுக்குப் பதிலே தேவையில்ல," என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது.

"நீங்க எழுதின அக்கா நல்லவங்க மேடம். கேக்கறாங்க." அவர் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "எங்கண்ணன் கேக்கமாட்டான். நாலு வருஷத்துல ஒருநாள்கூடக் கேக்கல. நாளைக்கும் கேக்கமாட்டான். நானாதான் ஆரம்பிக்கணும். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் குடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள். இந்தக் கதைக்கே மூன்று தொடக்கம் எழுதி இரண்டைத் தூக்கிப்போட்டவள் நான். எனவே உங்களையும் இழுத்துவிடுகிறேன். அண்ணன், அக்கா, தம்பி என்று யாரிடமாவது நீங்களாக ஆரம்பித்த பழக்கம் உண்டென்றால், கீழே இருப்பதை முடித்துக் கொடுங்கள். என்னால் இதுவரைதான் முடிந்தது:

"அண்ணா, நீ கேக்கமாட்டேன்னு தெரியும். அம்மா விழுந்தப்ப