ஐந்நூறு தினார் மஹர்

தட்டில் ஒரே ஒரு நோட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் ஷபானா அக்கா என் கையைப் பிடித்தாள். வலித்தது.

திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். அக்காவின் நிக்காஹ்வுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளை மணப்பெண்ணுக்கென்றே கொடுக்கும் மஹர் அந்தத் தட்டில் வந்திருந்தது. மற்ற வீடுகளில் ஒரு பவுன், இரண்டு பவுன் என்று கேட்பார்கள். எங்கள் அத்தா மட்டும் ஐந்நூறு ஈராக் தினார் கேட்டிருந்தார். அது கட்டுக்கட்டாக வரும் என்று நினைத்திருந்தோம்.

அத்தா ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் மிளகும் காப்பித்தூளும் விற்கிறவர். சையத் இப்ராஹிம் என்றால் தெரியாதவர்களுக்கும் பாஸ்ரா பாய் என்றால் தெரியும். எண்பத்தொன்றில் ஈராக்கிலிருக்கும் பாஸ்ராவுக்குப் போய், ரோடு போடும் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தார். கடைக்கு வருகிற யாரையும் அந்தக் கதை கேட்காமல் போக விட்டதில்லை.

"அந்த ஊருல முன்னால ஓடுனதே நம்ம ரூவாதானுங்க. முப்பத்திரண்டுலதான் அவங்க தினார் அடிச்சாங்க. அப்ப ஒரு தினாருக்குப் பதிமூணு ரூவா சொச்சம். நான் இருந்தப்ப முப்பது! ஐந்நூறு தினார் அனுப்புனா பதினஞ்சாயிரம். அன்னிக்கு அதுல பத்துப் பவுனுக்கு மேல வாங்கலாமுங்க."

இத்தனை வருஷத்தில் அது இன்னும் ஏறியிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அத்தா முப்பது என்றால் முப்பதுதான்.

நிச்சயத்தன்று அவர் மஹரைச் சொன்னபோது மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்க இஷ்டமுங்க" என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தௌபீக் குனிந்து போனைப் பார்த்தார். சிரித்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். "பெரிய மனசுக்காரங்க" என்று அத்தா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுவாரமே மாப்பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து தௌபீக்கின் மாமா பேசுவது கேட்டது.

"நாந்தான் பாக்தாது தர்காவுக்கு ஜியாரத் போயிட்டு வாரப்பக் கொண்டாந்தேன். பாக்கெட்டுல மிஞ்சுன நோட்டு. அங்க குடுத்தா ஒரு டீ கெடைக்கும். நம்ம காசுக்கு முப்பத்துமூணு ரூவா!"

"முப்பத்துமூணு ரூவாய்க்குப் பொண்ணா? யோகந்தான் போ."

"அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டு பொண்ணோட அடிவாரம் எறங்கிரலாம். திரும்பி மேல ஏறத்தான் முடியாது."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அம்மா சர்க்கரைக் கிண்ணத்தை யாருக்கோ நீட்டியபடியே நின்றாள். நான் போனை எடுத்துத் தேடினேன். ஒரு தினார், ஆறு பைசா சொச்சம். புள்ளி இடம் மாறியிருக்கும் என்று மறுபடி தேடினேன். மாறவில்லை. குவைத் சண்டைக்குப் பிறகு நோட்டாக அடித்துத் தள்ளினார்களாம். அப்போது விழுந்த தினார் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லையாம். எல்லாம் நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சங்கதி.

எங்கள் சின்ன மாமா இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். பிரியாணிப் பந்தலில் இருந்த அத்தாவும் சிரித்த முகத்தோடு பின்னால் வந்து நின்றார்.

"கண்ணு ஷபானா, ஐந்நூறு ஈராக் தினார் மஹருக்கு உன்னைய தௌபீக்குக்கு நிக்காஹ் பண்ணி வைக்கச் சம்மதமா?"

"அவருக்குத் தெரியுமான்னு கேட்டுட்டு வாங்க."

"என்னது?"

"இது முப்பத்துமூணு ரூவான்னு. நிச்சயத்தன்னிக்கே தெரியுமான்னு கேளுங்க மாமா."

"எந்த முப்பத்துமூணு ரூவா?" என்றார் அத்தா. நான் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது வேற ஊர் தினாரா இருக்கும் கண்ணு."

"அதேதான் அத்தா."

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை.

சின்ன மாமா போய்க் கேட்பதற்குள் திரைக்கு அப்பாலிருந்து தௌபீக்கே சொன்னார். "தெரியுங்க. அன்னிக்கே போன்ல பாத்தேன். மாமனாரு நொம்ப சந்தோசமாச் சொன்னாரு. என்னத்துக்குக் கெடுக்கறதுன்னு உட்டுட்டேன்."

"அட, அதுக்கென்ன இப்ப?" என்றார் அவருடைய மாமா. "வேணும்னா ஒரு பவுன் சேத்துப் போட்டுக்கலாமுங்க."

அக்கா தலையை நிமிர்த்தினாள். "எனக்குச் சம்மதமில்லீங்க."

வெளியே முந்நூறு பேருக்கான சாப்பாடு தம்மில் இருந்தது.

"கிறுக்கு புடிச்சிருச்சாடி உனக்கு?" அம்மா அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பவுன் போடறேங்கறாங்கல்ல?"

அத்தா அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் தப்புதானே கண்ணு. அதுக்கு நீ ஏஞ்சாமி…"

"உங்களுக்குத் தெரியாது அத்தா. அவருக்குத் தெரியும். தெரிஞ்சு சிரிச்சுப்போட்டு, அப்பறம் பைக்கையும் வாங்கிக்கிட்டாரு."

பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று நிக்காஹ் ஓத வந்திருந்த ஹஜ்ரத் எழுந்துகொண்டார். அரை மணி நேரம் சத்தம், சமாதானம், மறுபடி சத்தம். அக்கா இரண்டாவது முறை வாய் திறக்கவே இல்லை.

கடைசியில் பைக் சாவியைத் தட்டில் போட்டுவிட்டு அவர்கள் வேனில் ஏறினார்கள். வேன் கிளம்பி, கொஞ்ச தூரம் போய் நின்றது. தௌபீக்கின் மாமா இறங்கி வந்தார்.

"ஏனுங்க, அந்த நோட்டு நம்மளுதுங்க."

அத்தா தட்டிலிருந்து நோட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதே பையிலிருந்து நான்கு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்கு ரேட்டு முப்பத்துமூணுங்க. இதுல நாப்பது இருக்குது. மீதிய நீங்களே வெச்சுக்குங்க."